அஞ்சாவது ஆள்

எந்த அறைக்குள் வந்தாலும் அக்கா முதலில் ஆட்களை எண்ணுவார். வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைப்பார், அது ஒன்று. அப்புறம் கண்ணாலேயே இரண்டு, மூன்று, நான்கு. உதடு லேசாக அசையும். நாலுக்குள் இருந்தால் உட்காருவார். அஞ்சு என்றால் வந்த வழியே வெளியே போய்விடுவார். கோபம் கிடையாது, விளக்கம் கிடையாது. வெயிலுக்கு நிழல் மாறி உட்காருகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிர் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்கு நாலு பேர்தான். சுவரிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அக்கா அப்படிப்பட்ட ரூம்களில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர். ஆனால் என் ரூமில் இருந்தது மருந்து இல்லையே! வெள்ளை, ரோஸ், இளமஞ்சள் நிறங்களில் நூல்கண்டு, மூட்டை மூட்டையாகப் பஞ்சு, டப்பா நிறையக் கறுப்பு பிளாஸ்டிக் கண்கள். நாங்கள் பின்னிக்கொண்டிருந்தது முயல்.

முயல் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூரில் ஃபேஷன் டிசைன் படித்தேன். சென்னையில் எட்டு மாதம் வேலை பார்த்தேன், அலுத்துப்போய் விருதுநகருக்கே திரும்பி வந்தேன். என் அத்தாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். சிவகாசி ரோட்டில் அவருடைய பழைய குடோன் ஒன்று சும்மா கிடந்தது. கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் அம்மாவைப் பிடித்து ஒரு ஆர்டர் வாங்கிவிட்டேன். ஈஸ்டருக்கு வெளிநாட்டில் வீட்டுக் கதவுகளில் தொங்கவிடுகிற குட்டி முயல், குரோஷா ஊசியில் பின்னியது, முந்நூறு. உள்ளங்கையில் அடங்கும். பாதி உடைந்த முட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். மாசி பிறப்பதற்குள் கரூருக்குப் போய்ச் சேர வேண்டும். நான் யூடியூப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். முருகேஸ்வரிக்கும் பாண்டிச்செல்விக்கும் கற்றுக்கொடுத்தேன். இரண்டு பேருமே கம்பெனியில் திரி கட்டினவர்கள். விரல் பறக்கும்.

அக்காவைக் கூட்டிவந்தது முருகேஸ்வரி. "எங்க ரூமுல இருந்தவுக. வெம்பக்கோட்டைப் பக்கம். இப்ப இங்கன தங்கச்சி வீட்டோட இருக்காக. கை சுத்தம்னா அப்பிடி ஒரு சுத்தம்" என்றாள்.

முதல் நாள் அவர் வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றினார். குனிந்து இரண்டையும் எடுத்து, முனை ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். ஓடும்போது மாட்டுவதற்கு வாகாக. கொண்டையிலிருந்து ஊசியை உருவினார், ஜாக்கெட்டிலிருந்த ஊக்கைக் கழற்றினார், இரண்டையும் நிலைப்படிக்கு வெளியே ஓரமாக வைத்தார். கம்பெனி வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும்; உடம்பிலிருக்கிற கரண்டு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என்னிடம் ஏது தகடு? அக்கா கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து எண்ணினார்.

"நாலு. சரி" என்று உட்கார்ந்தார்.

"அக்கா, இது வெறும் நூலு. வெடிக்காது" என்றேன் சிரித்துக்கொண்டே.

"நூலுதான் தாயி. அதுக்கென்ன?" என்றார்.

நான் நீட்டிய இரும்பு ஊசியை வாங்கவில்லை. மறுநாள் வரும்போது மூங்கிலில் தானே சீவிய ஊசியோடு வந்தார். நுனியில் கொக்கி அவ்வளவு நயமாக இருந்தது. ஒருமுறைதான் காட்டினேன். ஆறு கண்ணியில் வட்டம் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கூட்டி, பிறகு குறைத்து, மதியத்துக்குள் ஒரு முயல் தலை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன். பஞ்சு அடைப்பதுதான் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். நாங்கள் கத்தரிக்கோல் முனையால் குத்திக் குத்தித் திணிப்போம். அவர் சுண்டு விரலால் துளித்துளியாக வைப்பார், அழுத்தவே மாட்டார். ஒவ்வொரு துளிக்கும் ஒரு நொடி நிறுத்திக் காது கொடுப்பார்.

"என்னக்கா கேக்குறீக?"

"ஒண்ணுமில்ல. நெரிச்சு அடைக்கக் கூடாது. அதுக்கும் மூச்சுக்கு இடம் வேணும்ல."

எங்கள் பேச்சு எப்படியும் முயலிடம் வந்து நிற்கும். "ஏசு சாமி எந்திரிச்சு வந்த நாளுக்கு முயல் என்னத்துக்கு?" என்பாள் முருகேஸ்வரி. "எங்க தெரு சர்ச்சுல நான் ஒரு முயலும் பாத்ததில்ல."

"வெள்ளக்காரன் ஊர்ல முயல்தான் முட்டை கொண்டாருமாம் மதினி" என்பாள் பாண்டிச்செல்வி.

"முயலு முட்டை போடுமா? படிச்ச புள்ள, நீ சொல்லு."

நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். ஒருநாள் அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "உருண்டையா அடைச்சு வச்சது எதுனாலும் ஒருநாள் தெறக்கும். அதத்தான் கும்பிடுதாக."

அவரைக் கிண்டல் செய்யாமலும் இல்லை. "பஸ்ல என்னக்கா பண்ணுவீக? அம்புட்டுக் கூட்டம் இருக்குமே?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு ரெண்டு வாசல் இருக்கு, கதவும் கிடையாது."

"கல்யாண வீட்டுல?"

"பந்தல்ல போடுவாகல்ல, அங்கன சாப்பிடுவேன்."

"அது சரி, எதுக்கு மொதல்ல உங்களையே எண்ணுறீக?"

அன்றைக்குத்தான் ஊசியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கம்பெனியில செக்கிங்குக்கு ஆபீசர் வருவாரு தாயி. எத்தன பேருன்னு கேப்பாரு. இவளுக சுத்திப் பாத்துட்டு நாலுன்னு சொல்லுவாளுக. உள்ள அஞ்சு பேரு இருப்பாக. பொய் சொல்லல. தன்ன விட்டுட்டு எண்ணிருப்பாளுக. கண்ணுக்குத் தன் மூஞ்சி தெரியாதுல்ல. அதான் கையால தொட்டுக்கிடுறது."

முருகேஸ்வரி சொன்ன இன்னொரு சங்கதி உண்டு. அக்கா உட்கார்ந்த ரூம் ஒன்றுகூட வெடித்துப் போனதில்லையாம். ஃபோர்மேன்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுவார்களாம். ஒருநாள் காலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். ஃபோர்மேன் கேட்டதற்கு, "உள்ள அஞ்சு பேரா இருக்கு" என்றாராம். ஃபோர்மேன் ரூமுக்குள் போய்ப் பார்த்தார். முருகேஸ்வரியோடு சேர்த்து மூன்று பேர். அக்காவோடு நாலு. கத்தினார், கெஞ்சினார். சாயங்காலம் வரை அக்கா அசையவில்லை.

"அன்னைக்கு வெடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு மண்ணும் ஆகல. மறுநாளும் ஆகல. அந்த ரூமு இப்பவும் அப்படியேதான் நிக்கிது" என்று சிரித்தாள் முருகேஸ்வரி. "அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள மட்டும் போகவே இல்ல. வேற ரூமு கேட்டு வாங்கிட்டாக."

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கண் விஷயத்தில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. அந்த பிளாஸ்டிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வில்லை உண்டு. உள்பக்கமிருந்து அழுத்திப் பூட்ட வேண்டும். அதனால் தலையில் பஞ்சு வைத்து மூடுவதற்கு முன்பே கண்ணைப் பொருத்தியாக வேண்டும். அக்கா தலையை ஆட்டினார்.

"கண்ணு தெறந்து பாத்துக்கிட்டே இருக்கும். அத எப்பிடி அடைக்கிறது?"

"அக்கா, ஆர்டர்ல அப்பிடித்தான் கேட்டிருக்காங்க."

"வைக்கலாம். ஆனா உள்ள வச்சு வேணாம்." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கண்ணு வச்சா அதையும் எண்ணணும்ல?" என்றார்.

அதிலிருந்து கண் வைக்கிற வேலை எல்லாம் வெளியே, லோடு ஏற்றுகிற மேடையில். அங்கேயே அடைத்து, அங்கேயே மூடி, பக்கத்து ஷெட்டில் பலகை மேல் அடுக்குவார். எல்லா முயலும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். "வழி தெரியணும்ல" என்பார். ஒருநாள் போட்டோ எடுக்க எல்லாவற்றையும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அக்கா வருவதற்கு முன்னால் நான்தான் ஷெட்டைத் திறந்தேன். அத்தனையும் வாசலைப் பார்த்திருந்தன. சாவி என்னிடம் மட்டும்தான். முந்தைய நாள் நானே திருப்பி வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

தை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். வெளியே போய் உள்ளே வந்து என்று வேலை இழுத்தது. இந்த ஆர்டர் ஒழுங்காகப் போனால் அடுத்தது நிச்சயம் என்று கரூர் அம்மா சொல்லியிருந்தார். அடுத்தது வந்தால் இவர்கள் மூன்று பேரும் கம்பெனி வேனில் ஏற வேண்டியதில்லை. பாண்டிச்செல்விக்கு அது ரொம்ப முக்கியம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. மருந்து நெடிதான் காரணம் என்று அவள் நம்பினாள். வேன்காரன் தினமும் வாசலில் ஹார்ன் அடித்து, "என்னக்கா, சீசன் தொடங்கியாச்சு, வாரீகளா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

நான்தான் அவசரக்காரி ஆயிற்றே. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் வந்தேன். தலைகளை எடுத்து, உள்ளே உட்கார்ந்தே கண்களைப் பூட்டினேன். ஒரு பழைய வத்தல் சாக்கில் போட்டு, வாயைச் சுருட்டி, பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அக்காவுக்குத் தெரியாமல் மூடிவிடலாம் என்று திட்டம்.

மூன்று பேரும் வந்தார்கள். அக்கா தாழ்ப்பாளைத் தொட்டார், நெஞ்சில் கை வைத்தார், எண்ணத் தொடங்கினார். நாலில் நிற்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார். "எந்திரிங்க. வெளிய வாங்க எல்லாரும்."

குரல் உயரவில்லை. ஆனாலும் மூன்று பேரும் எழுந்து ஓடினோம். என் செருப்பு எங்கே கிடந்தது என்றுகூடத் தெரியவில்லை. ரோட்டோர வேலமரத்தடியில் போய் நின்ற பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. திரும்பிப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்து மேடையில் கொட்டி எண்ணினேன். இருபத்தாறு தலைகள். இரண்டாம் முறையும் இருபத்தாறுதான்.

"இருபத்தாறும் நாலும் முப்பது. பாத்தீகளா? தப்பு!" ஜெயித்த மாதிரி சொன்னேன். அவருக்கு இருபத்தாறு எப்படித் தெரிந்தது என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பாண்டிச்செல்வியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"நாள் தள்ளி மூணு மாசம் ஆச்சு. நேத்து ராத்திரிதான் மொத மொதல்ல அசைஞ்சுச்சு. சொன்னா இதுவும் தங்காதுன்னு பயந்துக்கிட்டு வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லல" என்றாள்.

முருகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு மரத்தடியில போயி உக்காந்தீகளே..." என்று ஆரம்பித்தாள். "அந்த ரூமுல ஒரு சின்னப் பொண்ணு இருந்தாள்ல? அவளுக்கு அந்த வருசமே புள்ள பெறந்துச்சுக்கா. நான் இப்பத்தான் கூட்டிப் பாக்கேன்."

அதன் பிறகு அக்கா உள்ளே வரவே இல்லை. பாண்டிச்செல்வி இருந்தால் அஞ்சு பேர் ஆயிற்றே. மேடையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொடுத்தேன். அதன் கீழே தனியாக உட்கார்ந்து பின்னுவார். சன்னல் வழியாக அவர் முதுகு தெரியும். பாண்டிச்செல்வி, "நான் வேணா வெளிய உக்காரட்டாக்கா?" என்று கேட்டால், "உனக்கு வெயிலு ஆகாது. அது உள்ளேயே இருக்கட்டும்" என்பார். 'அது' என்று அவர் சொன்னது பிள்ளையைத்தான். தினமும் காலையில் வாசலில் நின்று எங்களை எண்ணுவார். அஞ்சு என்றதும் பாண்டிச்செல்வியின் முகம் மலரும். ஸ்கேனுக்குக்கூட அவள் போகவில்லை. அக்காவின் அஞ்சு போதும் அவளுக்கு. நானும் சிரித்துக்கொண்டே அந்த எண்ணுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

முந்நூறு முயலும் பெட்டியில் ஏறின. கரூரிலிருந்து ஒரே ஒரு குறை வந்தது, முயல்களில் வத்தல் நெடி அடிக்கிறதாம்! ஒரு நாள் காற்றாட விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆர்டரும் வந்தது. வேன்காரனிடம் முருகேஸ்வரி, "இனிமே இந்தப் பக்கம் ஹார்ன் அடிச்சேன்னா பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மாசி நடுவில் ஒரு நாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே புது நூலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா வந்தார். இரண்டு கையிலும் ஒரு குட்டி முயலைப் பொத்திப் பிடித்திருந்தார். ஆர்டருக்கு இல்லை, தனியாகப் பின்னியது, கண் வைக்காதது. வாசலில் நின்று எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"நாலு" என்றார். உள்ளே வந்து, தன் பழைய இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். "வந்துட்டீகளா! இப்பத்தான் ரூமு ரூமா இருக்கு" என்றேன். முருகேஸ்வரியின் கை நூலிலேயே நின்றது. பாண்டிச்செல்வி நிமிர்ந்தாள்.

"எத்தனக்கா?"

"நாலு தாயி."

அவள் அலறவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "காலையிலயிருந்து அசையல" என்றாள் மெதுவாக. "நான் தூங்குதுன்னு நினைச்சேன்."

ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிய ஓட்டம்! ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் என் தோளை இறுக்கினாள். நான் ஆண்டவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அவர் தப்பாக எண்ணியிருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. தீப்பெட்டி மெஷின் ஓடுகிற மாதிரி டக்டக்டக்கென்று, நிற்காமல். நர்சு சிரித்தார்: "யாரும்மா உன்னைப் பயங்காட்டுனது? புள்ள ஜம்முன்னு இருக்கு." பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

"புள்ள நல்லாருக்கா?" என்று அவரே கேட்டார்.

"நல்லாருக்குக்கா! நீங்கதான் தப்பா எண்ணிட்டீக. ரூமுல அஞ்சு பேரு!"



"இல்ல தாயி. சரியாத்தான் எண்ணுனேன்." பிறகு, "அந்த முயல அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன். புள்ள பெறந்த பெறகு நீ கண்ணு வையி" என்றார்.

மறுநாள் காலை அவருடைய தங்கை மகன் போன் செய்தான். முந்தின சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாராம். தங்கை காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, கூப்பிட்டு, தொட்டுப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் முருகேஸ்வரி என் காதோரம் சொன்னாள். "நேத்து அவுக கைய நெஞ்சில வைக்கல, பாத்தியா?"

நான் பார்த்திருந்தேன். இரண்டு கையிலும் முயல் இருந்தது. முருகேஸ்வரி, பாண்டிச்செல்வி, பிள்ளை, நான். நாலு.

ஆவணியில் பாண்டிச்செல்வி தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு வந்தாள். பெண் குழந்தை. நல்ல கனம். முருகேஸ்வரி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "ஏடி, உன்னால நாங்க பட்ட பாடு தெரியுமா?" என்று கொஞ்சினாள். அது கொட்டாவி விட்டது.

"முயலு எங்க?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

அலமாரியில்தான் இருந்தது, முகத்தை வாசல் பக்கம் வைத்து. எடுத்தேன். உள்ளே பஞ்சு அழுத்தமில்லாமல், விரல் பட்டால் அமுங்கி மெதுவாக எழுந்தது. கண் தைக்கக் கறுப்பு நூலை ஊசியில் கோத்துக்கொண்டேன். அறைக்குள் ஒருமுறை பார்த்தேன். பிறகு வலது கையை என் நெஞ்சில் வைத்தேன். ஒன்று. பாண்டிச்செல்வி, முருகேஸ்வரி, குழந்தை.

நாலு. அன்றைக்கு அவர் எண்ணியது இந்த நாலு பேரைத்தான்.

கண் வைத்தால் அஞ்சாகிவிடும். நான் முயலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு எழுந்து, மேடையில் தார்ப்பாய்க்குக் கீழே அவர் உட்கார்ந்த இடத்துக்குப் போனேன்.